ஒரு குடும்பப் பெயர் எத்தனை தலைமுறை வாழும்?

பினாங்கில் ஒரு சீன நண்பரிடம் "உங்கள் குடும்பப் பெயர் என்ன?" என்று கேட்டால் ஒரே சொல்லில் பதில் வரும்: லிம், தான், கூ, ஊய். அதே கேள்வியை ஒரு தமிழரிடம் கேட்டுப் பாருங்கள். ஒருவர் தந்தை பெயரைச் சொல்வார். இன்னொருவர் தாத்தா பெயரைச் சொல்லிவிட்டு, "ஆனால் அது என் அடையாள அட்டையில் இல்லை" என்பார். தமிழ்நாட்டில் பாட்டன் விட்டுவந்த ஊரைச் சொல்பவரும் உண்டு. "எங்களுக்கு அதெல்லாம் கிடையாது" என்று முடித்துக்கொள்பவர்களே அதிகம்.

நான் இடைநிலைப்பள்ளி மாணவர்களுக்குக் கணிதம் சொல்லிக்கொடுப்பவன். வெளிநாட்டுப் பல்கலைக்கழக விண்ணப்பங்களை நிரப்பும் காலம் வந்தால் மாணவர்கள் என்னிடம் கொண்டுவரும் முதல் சந்தேகம் கணிதம் பற்றியது அல்ல. "சார், 'சர்நேம்' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது?" என்பதுதான். அதைக் காலியாக விட்டால் கணினி அடுத்த பக்கத்திற்குப் போகாது. தந்தை பெயரை எழுதினால், சில வாரங்கள் கழித்து "அன்புள்ள மிஸ் முனியாண்டி" என்று கடிதம் வரும். முனியாண்டி அவள் அப்பா. தோட்டத்தில் பிறந்து, பட்டர்வொர்த்தில் லாரி ஓட்டி, மகளைப் படிக்க வைத்தவர். அவருக்கு அந்தக் கடிதத்தில் சிரிப்பு. மகளுக்குக் கொஞ்சம் எரிச்சல்.

அந்தக் கட்டம் உலகத்தில் எல்லாருக்கும் குடும்பப் பெயர் உண்டு என்று நினைத்து வரையப்பட்டது. உண்மை அப்படி இல்லை. ஜப்பானில் சாதாரண மக்கள் அனைவரும் குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற கட்டாயம் வந்தது 1875இல்தான். துருக்கியில் அதற்கான சட்டம் 1934இல் வந்தது. முஸ்தபா கெமாலுக்கு 'அத்தாதுர்க்' என்ற பெயர் கிடைத்ததும் அந்த ஆண்டுதான். ஐஸ்லாந்தில் இன்றும் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் இல்லை. ஐனாரின் மகன் 'ஐனார்சன்', மகள் 'ஐனார்ஸ்தோத்திர்'. நம் நாட்டில் 'அனாக் லெலாக்கி', 'அனாக் பெரம்புவான்' என்று போடுகிறோமே, அதேதான். மலாய்க்காரர்களின் 'பின்', 'பிந்தி'யும் அதேதான். ஐஸ்லாந்தின் தொலைபேசிப் புத்தகம் ஆட்களின் சொந்தப் பெயர் வரிசையில்தான் அடுக்கப்பட்டிருந்தது. ஒரு முழு நாடே இப்படி நடக்கிறபோது நாம் ஏன் அந்தக் கட்டத்தின் முன்னால் கூனிக் குறுக வேண்டும்?

சரி, குடும்பப் பெயர் உள்ளவர்களிடம் வருவோம். ஒரு பெயர் ஏன் பெருகுகிறது, இன்னொன்று ஏன் மறைகிறது? இது உண்மையில் ஒரு கணிதக் கேள்வி, அதுவும் படிவம் நான்கு மாணவர் போடக்கூடிய கணக்கு.

இரண்டு நாணயங்கள் போதும்

1873இல் இங்கிலாந்தின் 'எஜுகேஷனல் டைம்ஸ்' என்ற கல்வி இதழில் ஃபிரான்சிஸ் கால்டன் ஒரு புதிர் போட்டார். ஒரு காலத்தில் புகழ்பெற்றிருந்த குடும்பங்களின் பெயர்கள் பின்னால் காணாமல் போகின்றன. அந்தக் குடும்பங்களிடம் ஏதோ குறை இருப்பதாலா, அல்லது வெறும் தற்செயலா? ஹென்றி வில்லியம் வாட்சன் என்ற பாதிரியார் விடை எழுதினார். 1874இல் இருவரும் சேர்ந்து ஆய்வுக் கட்டுரையாகவும் வெளியிட்டார்கள். பிரான்சின் பியானமே 1845லேயே இதைத் தொட்டிருந்தார் என்பது பின்னால் தெரியவந்தது. ஆனாலும் பெயர் கால்டன், வாட்சனுக்கே போய்விட்டது. பெயர்கள் பற்றிய ஆய்விலேயே பெயர் இடம் மாறிய கதை!

நான் இதை வகுப்பில் இப்படி நடத்துவேன். ஒவ்வொரு மாணவரும் ஒரு குடும்பப் பெயரைத் தூக்கி வந்த முதல் ஆள். கையில் இரண்டு 20 சென் நாணயங்கள். இரண்டையும் சுண்ட வேண்டும். எத்தனை 'தலை' விழுகிறதோ அத்தனை மகன்கள். ஒன்றும் விழாவிட்டால் அந்தப் பெயர் அங்கேயே முடிந்தது, உட்கார்ந்துவிட வேண்டும். இரண்டு மகன்கள் என்றால் அடுத்த சுற்றில் ஒவ்வொரு மகனுக்காகவும் இரண்டு நாணயங்கள் சுண்ட வேண்டும். சராசரியாக ஒரு தந்தைக்கு ஒரு மகன். மக்கள்தொகை கூடவும் இல்லை, குறையவும் இல்லை. யாரிடமும் குறை இல்லை.

முதல் சுற்றிலேயே நான்கில் ஒருவர் உட்கார்ந்துவிடுவார். ஐந்து சுற்றுக்குள் பாதிக்கு மேல் நாற்காலிக்குப் போய்விடும். எஞ்சி நிற்கும் இரண்டு மூன்று பேர் நாணயம் போதாமல் பக்கத்துப் பையனிடம் கடன் கேட்டுக்கொண்டிருப்பார்கள். கணக்குப்படி ஒரு பெயர் ஐந்து தலைமுறைக்குள் அழியும் வாய்ப்பு 60 விழுக்காடு. பத்துத் தலைமுறையில் 74 விழுக்காடு. நூறு பெயர்களோடு தொடங்கினால் பத்துத் தலைமுறை கழித்து ஏறத்தாழ 26 பெயர்களே மிஞ்சும். ஆனால் ஆட்களின் எண்ணிக்கை சராசரியாக அதே நூறுதான். அப்படியென்றால் மிஞ்சிய ஒவ்வொரு பெயருக்கும் ஏறக்குறைய நான்கு பேர். யாரும் ராஜா இல்லை, யாரும் போரிட்டுப் பரவவில்லை. சும்மா நாணயம் சுண்டியதிலேயே சில பெயர்கள் 'பெரிய பெயர்' ஆகிவிட்டன.

மூன்று நாணயம் கொடுத்துப் பார்த்தால் காட்சி மாறுகிறது. சராசரி ஒன்றரை மகன். அப்போது ஒரு பெயர் என்றாவது அழியும் வாய்ப்பு 24 விழுக்காடுதான். தப்பித்தவை பெருகிக்கொண்டே போகும். வாட்சன் சறுக்கியது இந்த இடத்தில். மக்கள்தொகை பெருகினாலும் எல்லாப் பெயரும் அழிந்தே தீரும் என்று அவர் எழுதிவிட்டார். ஒரே நாணயம் கொடுத்தால் ஐந்து தலைமுறை தாங்கும் பெயர் 32இல் ஒன்று. பிள்ளைப்பேறு குறைந்துகொண்டே வரும் இன்றைய நகரங்களுக்கு மூன்று நாணயக் கணக்கை விட இதுதான் நெருக்கம்.

பழைய நாடுகளில் ஏன் ஒரே பெயர் குவிந்து கிடக்கிறது என்பதற்கு இது ஒரு பகுதி விளக்கம். கொரியாவில் ஐந்தில் ஒருவர் கிம். சீனாவில் வாங், லி ஆகிய பெயர்களைக் கொண்டவர்கள் தலா 9 கோடிக்கும் மேல். வியட்நாமின் நுயென் பெயருக்கு அரசியலும் துணை. ஆட்சி மாறியபோது வீழ்ந்த அரச வம்சத்தாரை அந்தப் பெயருக்கு மாற்றிய வரலாறு அங்கே உண்டு. 2024இல் ஜப்பானின் தோஹோக்கு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஹிரோஷி யோஷிடா ஒரு கணக்குச் சொன்னார்: கணவனும் மனைவியும் ஒரே குடும்பப் பெயரைத்தான் வைத்துக்கொள்ள வேண்டும் என்ற சட்டம் தொடர்ந்தால் 2531இல் ஜப்பானியர் அனைவரும் 'சாத்தோ' ஆகிவிடுவார்கள். இன்று நூற்றுக்கு ஒன்றரைப் பேர் அளவில் இருக்கும் பெயர் அது. ஐந்நூறு ஆண்டுகள் எதுவும் ஒரே வேகத்தில் ஓடாது. அவரும் சட்டத்தைப் பற்றி மக்களைப் பேச வைக்கத்தான் அப்படிச் சொன்னார் என்று நினைக்கிறேன். பேசினார்கள்.

ஜார்ஜ்டவுனில் எண்ணத் தொடங்கினால்

நம் ஊரில் குடும்பப் பெயரைக் கட்டடமாகவே பார்க்கலாம். கேனன் ஸ்குவேரில் இருக்கும் கூ கொங்சிக்குப் போகாத பினாங்கு மாணவர் குறைவு. 1901இல் தீயில் போனதை மீண்டும் எழுப்பி 1906இல் முடித்தார்கள். கூ, சியா, இயோ, லிம், தான் ஆகிய ஐந்தும் பினாங்கு ஹொக்கியன் மக்களின் ஐந்து பெருங்குடிகள். வெல்ட் கீ கடலோரத்தில் இதே கதை பலகையில் நிற்கிறது: லிம் படகுத்துறை, சியூ படகுத்துறை, தான், லீ, இயோ என்று ஒவ்வொரு பெயருக்கும் ஒரு மரவீட்டுக் குடியிருப்பு. கோய் குடும்பத்தாருக்கும் ஒன்று இருந்தது. 2006இல் அதை இடித்துவிட்டார்கள். இரண்டே ஆண்டு கழித்து, 2008 ஜூலையில், ஜார்ஜ்டவுன் உலக மரபுடைமை நகரானது.

ஆனால் ஒரு பெயர் எவ்வளவு பரவலானது என்று எண்ணப் போனால் எழுத்துக்கூட்டல் காலை வாரிவிடும். மஞ்சள் நிறத்தைக் குறிக்கும் ஒரே சீன எழுத்து பினாங்கு ஹொக்கியனில் 'ஊய்', வேறு ஹொக்கியன், தியோச்சு குடும்பங்களில் 'இங்', காண்டனீசில் 'வோங்'. பெயர்ப்பட்டியலில் மூன்று பெயர். பூசை மேடையில் ஒரே பெயர். 'இங்' இன்னும் சிக்கல். காண்டனீஸ்காரர் 'இங்' என்று எழுதினால் அது முற்றிலும் வேறொரு குடும்பப் பெயர். ஆங்கிலேயர் காலத்து எழுத்தர் காதில் விழுந்ததை எழுதியதன் விளைவு இது. நமக்கும் இது நடந்திருக்கிறது. சுப்பிரமணியம் என்ற பெயரில் ஒருவருக்கு ஒரு 'பி', மற்றவருக்கு இரண்டு 'பி', ஒருவருக்கு முடிவில் 'எம்', இன்னொருவருக்கு 'என்'. ஒரே வீட்டு அண்ணன் தம்பி பிறப்புப் பத்திரத்தில் தந்தை பெயர் இரண்டு விதமாக இருந்து, பின்னால் நிலம் மாற்றும்போது சத்தியப் பிரமாணம் எழுதி அலைந்த குடும்பங்களை எனக்குத் தெரியும்.

மரக்காயர் எப்படி மெரிக்கன் ஆனார்

தமிழ்நாட்டுக் கரையிலிருந்து கப்பலேறி வந்து பினாங்கில் நிலைத்த குடும்பப் பெயர் ஒன்று இருக்கிறது என்றால் அது மெரிக்கன்தான். சோழமண்டலக் கரையின் தமிழ் முஸ்லிம் கடல் வணிகர்களுக்கு மரக்காயர் என்று பெயர். மரக்கலம் என்ற சொல்லோடு தொடர்புடையது என்பது பரவலான விளக்கம். 1786இல் ஃபிரான்சிஸ் லைட் வந்திறங்கிய சில ஆண்டுகளிலேயே இவர்கள் இங்கே கடை போட்டிருந்தார்கள். சூலியா தெரு அந்தக் காலத்தின் பெயரைச் சுமக்கிறது. 1801இல் எழுந்த கப்பித்தான் கிளிங் பள்ளிவாசலோடு நினைக்கப்படும் தலைவர் காதர் முகைதீன் மெரிக்கன்.

மரக்காயர் என்பது ஒரு மனிதனின் பெயர் அல்ல, ஒரு சமூகத்தின் பட்டம். அதனால் ஊருக்கு ஊர் அது வேறு வேறு உருவம் எடுத்தது. கேரளத்தில் மரைக்கார், குஞ்ஞாலி மரைக்கார் நினைவுக்கு வருவார். இலங்கையில் மரிக்கார். பினாங்கிலும் கெடாவிலும் மெரிக்கன். இங்கே அந்த எழுத்துக்கூட்டல் உறைந்து குடும்பப் பெயராகிவிட்டது. மலாய்க் குடும்பங்களோடு திருமணம் நடந்தது, வீட்டில் தமிழ் குறைந்தது, சில கிளைகளில் முழுக்கவே போனது. பெயர் போகவில்லை. பினாங்கில் பிறந்த நாடகக் கலைஞர் ஃபரிடா மெரிக்கன் பெயரைக் கேட்கும் இளையோரில் எத்தனை பேருக்கு அதற்குள் ஒரு தமிழ்ச் சொல் இருப்பது தெரியும்?

நாணய விளையாட்டுக்கு இது ஒரு நல்ல பாடம். ஒரே ஒருவரோடு தொடங்கும் பெயர் பத்துத் தலைமுறையில் அழியும் வாய்ப்பு 74 விழுக்காடு என்று பார்த்தோம். தொடர்பில்லாத பத்துப் பேர் அதே பெயரோடு வந்திறங்கினால்? 0.74ஐ பத்து முறை பெருக்குங்கள். ஏறத்தாழ 5 விழுக்காடுதான். பட்டப்பெயர்கள் நீண்டு வாழ்வதன் இரகசியம் இதுவே. இன்னொன்றும் உண்டு. மெரிக்கன் என்ற சொல்லைச் சட்டம் பாதுகாக்கவில்லை. அது 'பின்', 'பிந்தி'க்கு முன்னால், பிள்ளையின் சொந்தப் பெயரின் பகுதியாக நிற்கிறது. ஒவ்வொரு குழந்தை பிறக்கும்போதும் பதிவு முகப்பில் யாரோ ஒருவர் அதைச் சேர்த்தால்தான் உண்டு. அவருக்கு மறந்துபோனால், அல்லது பெயர் நீளமாக இருக்கிறது என்று தோன்றினால், அந்தக் கிளையில் பெயர் நின்றுவிடும். இருநூறு ஆண்டுகளாக அந்தக் கிளைகளில் யாரோ மறக்காமல் இருந்திருக்கிறார்கள்.

ஒரே கரை, வேறு வேறு மேசை

1860 நவம்பரில் 'ட்ரூரோ' கப்பல் சென்னையிலிருந்து ஒப்பந்தத் தொழிலாளர்களை டர்பனில் இறக்கியது. வெல்லெஸ்லி மாகாணத்துக் கரும்புத் தோட்டங்களுக்கு வந்தவர்களைப் போன்ற மக்கள்தான் அவர்களும். ஆனால் தென்னாப்பிரிக்காவின் பதிவு முறை குடும்பப் பெயர் கேட்டது. பிள்ளை 'பிள்ளே' ஆகவும், கவுண்டர் 'கவெண்டர்' ஆகவும், முதலி 'மூட்லி' ஆகவும், படையாச்சி 'படையாச்சி'யாகவே உறைந்தன. ரியூனியன் தீவில் ராமசாமி, வீரப்பிள்ளை என்று யாரோ ஒரு கொள்ளுத்தாத்தாவின் தனிப்பெயரே இன்று முழுக் குடும்பத்தின் பெயர். மலாயாவின் மேசையில் இருந்த எழுத்தர் 'மகன்', 'மகள்' என்று எழுதினார். அதனால் இங்கே பெரும்பாலான தமிழ்ப் பெயர்கள் அப்படி உறையவில்லை. இனத்தாலோ மொழியாலோ வந்த வேறுபாடு அல்ல இது, படிவத்தால் வந்தது.

உறைந்திருக்கக்கூடிய பட்டங்களும் இங்கே வேறு காரணத்தால் கழன்றன. 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டு சுயமரியாதை மாநாடு சாதிப் பட்டங்களை விட்டுவிடும்படி தீர்மானம் போட்டது. அந்த ஆண்டு டிசம்பரில் பெரியார் பினாங்கில் வந்திறங்கினார். 1932இல் சிங்கப்பூரில் தமிழர் சீர்திருத்தச் சங்கம் தொடங்கியது. பெயருக்குப் பின்னால் இருந்த வால் மெல்ல மெல்ல உதிர்ந்தது. ஒரு குடும்பப் பெயர் குறைவதற்கு நாணயம் மட்டும் காரணம் அல்ல. மக்கள் வேண்டாம் என்று முடிவெடுத்தும் ஒரு பெயர் மறையலாம், அது நல்லதாகவும் இருக்கலாம். பட்டம் போனதால் நாம் ஏதோ இழந்துவிட்டோம் என்று புலம்புபவர்களோடு எனக்கு உடன்பாடு இல்லை.

குடும்பப் பெயர் இல்லாமலேயே வம்சத்தை எண்ணிய தமிழர்களும் நம் ஊரிலேயே இருந்தார்கள். பினாங்கு ஸ்திரீட் கிட்டங்கிகளில் தொழில் செய்த நகரத்தார். அவர்கள் ஒன்பது கோயில்களாகப் பிரிந்தவர்கள். ஒன்பதில் எது என்பதைப் பார்த்துத்தான் உறவு பேசுவார்கள். திருமணமான ஆண் ஒவ்வொருவரும் ஒரு 'புள்ளி'. புள்ளிக்கு வரி உண்டு. வரி வசூலிக்க வைத்திருந்த கணக்கு, ஒவ்வொரு வம்சமும் எவ்வளவு வளர்ந்தது என்று காட்டும் மக்கள்தொகைக் கணக்காகவும் ஆகிவிடுகிறது. பெயருக்கு முன்னால் அவர்கள் போடும் எழுத்துகளைப் பாருங்கள். 1929இல் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தை நிறுவிய அண்ணாமலை செட்டியாரின் தந்தை முத்தையா. மகனும் முத்தையா. பேரன் எம்.ஏ.எம். இராமசாமி. அந்த மூன்று எழுத்தைப் பின்னிருந்து படித்தால் முத்தையா, அண்ணாமலை, முத்தையா. தலைமுறை நகர நகர எழுத்துகளும் ஒரு பக்கம் கழன்று மறுபக்கம் சேரும்.

பாட்டன் பெயரைப் பேரனுக்கு வைப்பதால்தான் அவன் 'பெயரன்'. அதுவே பேரன் ஆயிற்று. சீனக் குடும்பத்தில் பெயர் தந்தையிடமிருந்து மகனுக்கு நேராக ஓடுகிறது. நம் வீட்டில் அது ஒரு தலைமுறை மறைந்து அடுத்ததில் எழும். பேரனுக்குத் தாத்தா பெயர் வைக்கும் வழக்கம் நின்றதும் அந்த ஓட்டமும் நின்றது.

வலப்பக்கப் பெயர்கள்

இதை எண்ணிப் பார்க்க ஆசைப்படும் மாணவர்களுக்கு நம்மிடம் ஒரு வசதி இருக்கிறது. வகுப்பு வருகைப் பதிவேட்டை எடுங்கள். 'அனாக் லெலாக்கி'க்கு இடப்பக்கம் இருப்பது இன்றைய பெயர். வலப்பக்கம் இருப்பது சுமார் முப்பது, நாற்பது ஆண்டுகளுக்கு முன் ஒரு தாத்தாவும் பாட்டியும் தங்கள் குழந்தைக்கு வைத்த பெயர். ஒரே தாளில் இரண்டு காலம். குடும்பப் பெயர் உள்ள சமூகங்களின் பட்டியலில் இந்த வசதி கிடைக்காது. அங்கே லிம்முக்கு வலப்பக்கத்திலும் லிம்தான்.

என் மாணவர்கள் போன ஆண்டு இதைச் செய்தார்கள். முதல் வேலை எழுத்துக்கூட்டலைச் சரிசெய்வது. ஒரு 'பி', இரண்டு 'பி' எல்லாவற்றையும் தமிழில் எழுதிப் பார்த்து ஒன்றாக்கினார்கள். தமிழில் எழுதியதும் பாதி குழப்பம் தீர்ந்தது. பிறகு இருபக்கத்துப் பெயர்களையும் தனித்தனியாக எண்ணினார்கள். வலப்பக்கத்தில் பல முறை வந்த முருகன், கணேசன், சுப்பிரமணியம் இடப்பக்கத்தில் அரிதாகவே இருந்தன. இடப்பக்கத்தில் ஒரே பெயர் இரண்டு முறை வருவதே குறைவு. ஒவ்வொரு வீடும் வேறு யாருக்கும் இல்லாத பெயரைத் தேடியிருக்கிறது. இந்தப் பிள்ளைகள் பெற்றோராகும்போது இன்றைய இடப்பக்கம் வலப்பக்கத்திற்கு நகரும், இன்றைய வலப்பக்கம் தாளிலிருந்தே விழுந்துவிடும். நம் முறையில் ஒரு பெயருக்கு இரண்டு தலைமுறைதான் ஆயுள். பெயரனுக்கு வைத்தால் மட்டுமே அதற்கு மேல்.

கோயில் நன்கொடைக் கல்வெட்டுகளிலும் பழைய பள்ளி ஆண்டு மலர்களிலும் இதே வேலையைச் செய்யலாம். குவீன் ஸ்திரீட் மகா மாரியம்மன் ஆலயம் 1833இலிருந்து நிற்கிறது. வீட்டிலேயே தொடங்க விரும்பினால் தாத்தாவிடமோ பாட்டியிடமோ அவர்களுடைய தாத்தா பெயரைக் கேட்டு, அவர்கள் சொல்கிறபடியே தமிழில் எழுதிக்கொள்ளுங்கள். என் மாணவர்களில் நான்கு தலைமுறைக்கு மேல் ஏற முடிந்தவர் ஒரே ஒருவள். அவள் பாட்டி கும்பிடும் குலதெய்வத்தின் பெயரும், அந்தக் கொள்ளுத்தாத்தாவின் பெயரும், அவள் அப்பாவின் பெயரும் ஒன்றாகவே இருந்தன: முனியாண்டி. விண்ணப்பத்தின் அந்தக் கட்டத்தில் அவள் மாற்றாமல் விட்டுவைத்த பெயர்.